தாதிக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அருகில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நாலைந்து பேர் கூடித் தேநீர் அருந்துவது வழக்கம். எங்களுள் மூவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள். ஒரு நாள் அவர்களுள் மூத்தவர், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். அதில் இருபது வினாக்கள் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அவரிடம் முன்பு ஆரம்பப் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனது அது. அந்தப் பெண் பதினைந்து ஆண்டுகளாக ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்ப்பவள். இப்போது ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற முயல்கிறாள்.

“சார், இதைத் தமிழில் ஆக்கித் தர வேண்டும். ஆனால் புத்தகத் தமிழாக இருக்கக் கூடாது. நம்ம பாட்டிமார் கேட்டவுடனே புரிந்துகொள்ள வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

ஆசிரியர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஊசி போடுவதும், படுக்கை விரிப்பதும், வேளைக்கு மருந்து கொடுப்பதும் தாதியின் வேலை. அதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. அதற்கு மேலே டாக்டர் பட்டம் எதற்கு? டாக்டராக வேண்டுமென்றால் மருத்துவமே படித்திருக்கலாமே!”

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டார். இதே ஐயம் நம்மவருள் பலருக்கும் உண்டு. மகளைத் தாதியர் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு உண்டு; தாதியராக இருப்போர் சிலருக்குமே உண்டு. ஆகவே, அக்கேள்விக்குச் சற்று விரிவாக விடை காண்பது பயனுடையதாகும்.

நான்கில் ஒரு பங்கு

விடையைத் தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை மாணவர்க்குப் பாடம் சொல்லாத தமிழாசிரியர் இல்லை. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, நோயாளியின் பக்கத்தே இருந்து பணி செய்பவன் என்பன அந்நான்கு. பக்கத்தே இருப்பவனை மருத்துவனுக்குள் அடக்கிவிடாமல், தனி ஒரு கூறாக வைத்து எண்ணியிருப்பது கருதத் தக்கது.

உரை கண்ட பரிமேலழகர் இந்நான்கினுள் ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரிக்கிறார். அருகிருந்து பணி செய்பவனுக்கு அவர் வகுக்கும் இலக்கணம், நோயாளியிடம் அன்பு, உள்ளத்தாலும் சொல்லாலும் உடலாலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் ஆற்றல், அறிவு ஆகிய நான்கும் ஆகும். முதல் மூன்றும் நாம் எதிர்பார்ப்பவையே. நான்காவதாக அறிவு ஏன் வைக்கப்பட்டது? சொன்னதைச் செய்வது மட்டுமே அவன் கடமையாயின், மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். மருத்துவன் வந்து பார்த்துச் சென்றுவிடுகிறான். இரவு முழுவதும் அருகில் இருப்பவன் இவனே. மருத்துவன் இல்லாத வேளையில் நேரும் மாற்றத்தைக் கண்டு, இன்னது என்று உணர்வதற்கு அறிவு வேண்டும்.

அந்த நான்காவது இலக்கணத்தை முறையாக வளர்க்கும் கல்வியின் உச்சியில் இருப்பதே தாதியர் துறையின் ஆராய்ச்சிப் பட்டம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறலாம். தமிழ்நாட்டில் இப்போது ‘செவிலியர்’ என்று வழங்குவோரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் ‘தாதியர்’ என்கிறோம். அகப்பொருள் இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்க்கும் தாய். பெற்ற தாய்க்கும் தெரியாத மகளின் மெலிவை முதலில் உணர்பவள் அவளே. தாதி என்பதும் வடமொழியில் வளர்ப்புத் தாயைக் குறிக்கும் சொல்லின் வழி வந்ததே. பக்கத்தில் இருப்பவளே முதலில் அறிகிறாள் என்னும் உண்மை இரு சொற்களிலும் உறைந்திருக்கிறது.

டாக்டர் இருவகை

‘டாக்டர்’ என்னும் சொல்லே குழப்பத்துக்குக் காரணம். மருத்துவம் படித்து நோய் தீர்ப்பவரையும் டாக்டர் என்கிறோம். ஒரு துறையில் புதிய உண்மை கண்டு ஆய்வேடு எழுதியவரையும் டாக்டர் என்கிறோம். டாக்டர் மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்று ஆராய்ந்து 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவரிடம் யாரும் காய்ச்சலுக்கு மருந்து கேட்டதில்லை. தாதியர் பெறும் டாக்டர் பட்டமும் இவ்வகையினதே. ‘முனைவர்’ என்று இன்று தமிழில் வழங்குவது இதனையே.

இப்பட்டம் பெற்ற தாதி மருத்துவராகிவிடுவதில்லை, ஆகவும் விரும்புவதில்லை. மருத்துவ ஆராய்ச்சி, நோயை ஆராய்கிறது. தாதியர் ஆராய்ச்சி, நோயுற்ற மனிதனின் அன்றாட வாழ்வை ஆராய்கிறது. உறக்கம், வலி, உணவு, அச்சம், படுக்கைப் புண், வீடு திரும்பிய பின் மருந்து உண்ணும் முறை, பராமரிக்கும் உறவினரின் களைப்பு ஆகியவை அதன் பொருள்கள். இவற்றை நாள்தோறும் நேரில் காண்பவர் தாதியரே.

விளக்கும் கணக்கும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய பெண்ணாகவே பள்ளிப் பாடங்கள் நமக்குக் காட்டியுள்ளன. அவருடைய மற்றொரு கையில் கணக்கேடு இருந்தது. 1854-இல் கிரிமியப் போரில் அடிபட்ட வீரர்களைப் பராமரிக்கச் சென்ற அவர், காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே மிகப் பலர் என்பதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல், இறப்புகளை மாதந்தோறும் காரண வாரியாகப் பிரித்து எண்ணி, வட்ட வடிவப் படமாக வரைந்து ஆட்சியாளர் கண்முன் வைத்தார். 1858-இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்தின் முதற் பெண் உறுப்பினர் அவரே. 1860-இல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கிற்று. தாதியர் தொழிலும் தாதியர் ஆராய்ச்சியும் ஒரு கருவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் எனலாம்.

ஆயினும் இரண்டாம் பிள்ளை வளர நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், 1907-இல் அடிலெய்டு நட்டிங் அம்மையார் தாதியர் துறையில் உலகின் முதற் பேராசிரியரானார். 1920-களில் அக்கல்லூரியில் தாதியர்க்குக் கல்வியியல் டாக்டர் பட்டம் பெறும் வழி பிறந்தது. 1934-இல் நியூயார்க் பல்கலைக்கழகம் தாதியர்க்கு ஆராய்ச்சி டாக்டர் பட்டத்துக்கான படிப்பைத் தொடங்கியது. முதலில் ஆசிரியர் கல்லூரியே தாதியர்க்கு இடம் தந்தது என்பதை நம் ஆசிரியர்கள் பெருமையோடு நினைக்கலாம். 1952-இல் தாதியர் ஆராய்ச்சிக்கென்றே ஓர் இதழ் அமெரிக்காவில் வெளிவந்தது. 1956-இல் பிரிட்டனில் எடின்பரோப் பல்கலைக்கழகம் தாதியர் கல்விக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது.

இந்தியாவில் 1946-ஆம் ஆண்டு குறிப்பிடத் தக்கது. டெல்லியில் தாதியர் கல்லூரி தொடங்கிப் பட்டப் படிப்பு நடத்தியதும், தமிழகத்து வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தாதியர்க்கு இளங்கலைப் பட்டப் படிப்பு தொடங்கியதும் அவ்வாண்டில்தான். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய நிலையத்தில் 1909-இலேயே டெலியா ஹூட்டன் அம்மையார் தாதியர் பயிற்சியைத் தொடங்கியிருந்தார். டெல்லிக் கல்லூரியில் 1959-இல் முதுகலைப் படிப்பு வந்தது. பிற்காலத்தில் அக்கல்லூரிக்கு இந்தியாவின் முதற் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயர் சூட்டப்பட்டது. 2000-க்குப் பின், இந்தியத் தாதியர் மன்றமும் பெங்களூர் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பல ஊர்களிலுள்ள தாதியர் டாக்டர் பட்ட ஆய்வுக்கெனத் தேசியக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின.

தாதியர் கேட்ட கேள்விகள்

ஆராய்ச்சியின் பயனைச் சில எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியோர்க்கு முதுகிலும் இடுப்பிலும் புண் உண்டாகும். பண்டைய தாதியர் அதற்குப் பலவகைப் பூச்சுகளைத் தடவினர். ஒருவர் ஒன்றைத் தடவினால் மற்றவர் வேறொன்றைத் தடவுவார். டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலத் தாதி, உடனாய்வாளர் இருவருடன் இதனை ஆராய்ந்து 1962-இல் முடிவுகளை வெளியிட்டார். நோயாளியை முறை தவறாமல் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே தலையாய காப்பு என்பது தெளிவாயிற்று. யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய, உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் இடும் முறையையும் அவர் வகுத்தார். மொத்தம் இருபது, பதினான்கும் அதற்குக் கீழும் ஆனால் ஆபத்து. எழுத்தும் எண்ணும் தெரிந்த எந்தத் தாதியும் ஒரு நிமிடத்தில் கணக்கிடலாம். இது பட்டத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வன்று. ஆயினும் தாதியர் ஆராய்ச்சி எத்தகையது என்பதற்கு நல்ல சான்று.

அடுத்து, ஜாக் ஹேவர்டு என்பார் 1975-இல் வெளியிட்ட ஆய்வு. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளிடம் என்ன நடக்கும், எங்கே வலிக்கும், எவ்வளவு நாளில் குறையும் என்று பொறுமையாக எடுத்துரைத்தால், பின்னர் அவர்களுக்கு அச்சமும் குறைகிறது. வலி தணிக்கும் மருந்தின் தேவையும் குறைகிறது என்று அது காட்டியது. அன்பான சொல் மருந்தாகும் என்று நாம் உலக வழக்காகச் சொல்வது வேறு. எத்தகைய சொல்லை எப்பொழுது சொன்னால் எவ்வளவு பயன் என்று அளந்து காட்டுவது வேறு.

மூன்றாவது, தாதியும் சமூகவியல் அறிஞருமான லிண்டா ஐக்கன் அம்மையார் குழுவின் ஆய்வு. பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை பெற்ற இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் குறிப்புகளை ஆராய்ந்து 2002-இல் முடிவு கூறினர். ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி கூடுந்தோறும், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதைக் கண்டனர். 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தபோதும் அதே அளவே கிடைத்தது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு உயரும் இடத்தில் அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறைவதையும் அவ்வாய்வு காட்டியது. இஃது இரண்டு செய்திகளுக்கிடையேயுள்ள தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று முற்ற முடிய நிறுவவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இருந்தும், “வேலைப் பளு அதிகம்” என்று தாதியர் நெடுங்காலம் முணுமுணுத்து வந்தது, இதன் பின்னரே அரசாங்கங்கள் செவிகொடுக்கும் எண்ணாக மாறியது. முணுமுணுப்பை எண்ணாக மாற்றுவதற்குத்தான் ஆராய்ச்சிப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இங்குள்ள வழி

நம் நாட்டில் தாதியர் தொழில் 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்துக்கு உட்பட்டது. மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்தோரே தாதியராகப் பணியாற்றலாம். எஸ்.பி.எம். முடித்து, மூன்றாண்டு டிப்ளோமா பயின்று பதிவு பெறுவதே பெரும்பாலோர் சென்ற பாதை. பட்டப் படிப்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் வந்தது. பின்னர்ப் பிற பல்கலைக்கழகங்களும் தொடங்கின. இன்று மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் தாதியர் துறையில் டாக்டர் பட்டம் வரை ஆராயலாம்.

பினாங்குத் தாதிக்கு இங்கே ஒரு விந்தை உண்டு. 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம், ஆயர் ஈத்தாமிலிருந்து சில மைல் தொலைவில் குளுகோரில்தான் இருக்கிறது. ஆனால் அதன் சுகாதார அறிவியல் பள்ளியோ, தீபகற்பத்தின் மறுகரையில், கிளந்தான் மாநிலத்துக் குபாங் கிரியானில் அமைந்துள்ளது. வீட்டருகே உள்ள பல்கலைக்கழகத்தில் பயில்வதற்கு மலைத்தொடரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது!

பாதையின் படிகள் இவை. டிப்ளோமாவுக்குப் பின் இளங்கலை, அதன்பின் முதுகலை, அதன்பின் ஆராய்ச்சி. முழு நேரமாகச் செய்தால் மூன்று நான்கு ஆண்டுகளாகும். பணியிலிருந்துகொண்டே பகுதி நேரமாகச் செய்தால் மேலும் நீளும். இங்கே பள்ளிக்கூடத்தைப் போல வகுப்பும் பாடநூலும் இல்லை. மேற்பார்வையாளர் ஒருவரோ இருவரோ இருப்பர். மற்றவை மாணவரின் உழைப்பு. இடம் தேடுவதற்கு முன் மேற்பார்வையாளரைத் தேடுவதே அறிவுடைமை. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாயிருந்தும், நம் பொருளை அறிந்தவர் அங்கில்லையேல் பயனில்லை.

அமெரிக்காவில் மற்றொரு வகைப் பட்டமும் 2000-க்குப் பின் பரவியுள்ளது. அது தொழில்முறை டாக்டர் பட்டம். ஏற்கெனவே கண்டறிந்த உண்மைகளைச் சிகிச்சையில் திறம்படப் பயன்படுத்தக் கற்பிப்பது. ஆராய்ச்சிப் பட்டமோ புதிய உண்மையைக் கண்டறியக் கற்பிப்பது. கிணறு வெட்டுவதும் நீர் பாய்ச்சுவதும் போன்றவை இவ்விரண்டும். எது வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்ளல் நலம்.

ஒரு கேள்வி ஆய்வாகும் விதம்

இனி, எங்கள் ஆசிரியரின் மாணவி எடுத்துக்கொண்ட பொருளையே சான்றாகக் கொண்டு, ஆராய்ச்சி எங்ஙனம் நடைபெறுகிறது என்று பார்ப்போம். நீரிழிவு உடைய தமிழ் முதியோர் தம் பாதங்களைப் பேணும் முறையே அவள் பொருள்.

2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. நீரிழிவு முற்றினால் காலில் உணர்ச்சி மங்கும். முள் தைத்தாலும் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகி, சிலர்க்குக் காலையே எடுக்க நேர்கிறது. நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக் கழுவித் துடைப்பது எளிய காப்பு. அதை ஏன் பலர் செய்வதில்லை? இதுதான் கேள்வி.

முதல் வேலை, உலகில் இதுபற்றி இதுவரை எழுதப்பட்டதைத் தேடிப் படிப்பது. பிறர் விடை கண்ட கேள்வியை மீண்டும் கேட்பது வீண். இரண்டாவது, கேள்வியைச் சுருக்கிக் கூர்மையாக்குவது. “பாதப் பராமரிப்பு” என்பது கடல். “தாதி ஒருத்தி வீட்டுக்குச் சென்று மும்முறை தமிழில் கற்பித்தால், ஆறு மாதங்களுக்குப் பின் பாதம் பார்க்கும் வழக்கம் கூடுமா?” என்பது கையால் அள்ளக்கூடிய குடத்து நீர்.

மூன்றாவது, முறையை வகுப்பது. விருப்பத்தோடு வந்தவர்க்கு மட்டும் கற்பித்து, வராதவரோடு ஒப்பிட்டால் முடிவு பொய்க்கும். ஆர்வமுள்ளவர் கற்பிக்காவிடினும் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா? ஆகவே, ஒப்புக்கொண்ட அனைவரையும் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு இப்போதும் மற்றவர்க்கு ஆய்வு முடிந்த பின்னும் கற்பிப்பர். எத்தனை பேர் வேண்டும் என்பதையும் முன்னரே புள்ளியியல் கொண்டு கணக்கிடுவர்.

எண்ணுவது மட்டுமே ஆராய்ச்சியாகாது. சிலரோடு நீண்ட நேரம் அமர்ந்து பேசி, அவர்கள் சொல்வதை எழுத்துக்கு எழுத்து பதிந்து, அதன் உட்பொருளை ஆராய்வதும் ஒரு முறை. “எத்தனை பேர்?” என்பதற்கு எண் விடை சொல்லும்; “ஏன்?” என்பதற்குப் பேச்சு விடை சொல்லும்.

நான்காவது, அறநெறி அனுமதி. மனிதரை ஆராயும் முன் பின்பற்ற வேண்டிய நெறிகளை உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் வகுத்தது. சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ ஆராய விரும்புவோர், தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். தாதியின் ஆய்வில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நோயாளிக்கு ஊசி போடும் கையே வினாத்தாளையும் நீட்டினால், “வேண்டாம்” என்று சொல்ல அவர் அஞ்சுவார். மறுத்தாலும் சிகிச்சையில் குறையிராது என்பதை அவர் மொழியிலேயே உணர்த்திய பின்னரே ஒப்பம் பெற வேண்டும்.

அதன் பின்னரே தகவல் திரட்டல், கணக்கிடல், ஆய்வேடு எழுதல், தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என்று பாதை நீள்கிறது.

தமிழாசிரியர்க்கு இங்கென்ன வேலை?

இப்போது அந்த இருபது வினாக்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆக்கிய வினா நிரலைத் தமிழாக்க ஒரு முறை உண்டு. இருவர் தனித்தனியே தமிழாக்குவர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். ஆங்கில மூலத்தைக் காணாத வேறொருவர், அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரு ஆங்கிலமும் பொருந்தினால் தமிழ் சரி. பொருந்தாவிடில் எங்கோ பொருள் திரிந்துள்ளது. ரிச்சர்டு பிரிஸ்லின் என்னும் அறிஞர் 1970-இல் விளக்கிய இம்முறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. இறுதியில், முதியோர் சிலரிடம் படித்துக் காட்டிச் சோதிப்பர்.

எங்கள் ஆசிரியர் இதை எளிதென்று எண்ணினார். இரண்டாம் வினாவிலேயே நின்றுவிட்டார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துள்ளதா என்பது வினா. “உணர்வின்மை” என்று எழுதினார். சந்தையில் கீரை விற்கும் மூதாட்டியிடம் படித்துக் காட்டினார். அவர் விழித்தார். “கால் மரத்துப் போகுதாம்மா?” என்று கேட்டதும், “அதுவா? மரத்தும் போகும், சில நாள் விறுவிறுன்னும் இருக்கும், ராத்திரியிலே எரியும்” என்று மூன்று விடை வந்தது. மரத்தல் வேறு, விறுவிறுத்தல் வேறு, எரிதல் வேறு. மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கியிருந்தால், மூதாட்டியின் நோய் தாளில் ஏறாமலே போயிருக்கும்.

வலியைக் குறிக்கத் தமிழில் எத்தனை வினைகள்! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, தெறிக்கிறது, உளைகிறது, சுள்ளென்கிறது, விண்விண் என்கிறது. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக், நோயாளிகள் வலியைப் பற்றிக் கூறும் 78 சொற்களை இருபது தொகுதிகளாக்கி 1975-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். வலியின் பெயரே அதன் வகையைக் காட்டும் என்பது அவர் கண்ட உண்மை. தோட்டப்புறத்தில் பிறந்து பட்டணத்தில் முதுமை எய்திய நம் பெரியவர்களின் வாயிலுள்ள வலிச் சொற்களைத் தொகுத்து வகைப்படுத்த, மொழி அறிந்தாரும் தாதியரும் சேர்ந்து உழைத்தல் வேண்டும்.

மருத்துவத்துக்குத் தமிழ் புதியதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவம், அறுவை, உடற்கூறு பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவர் மருத்துவனின் சொற்களைத் தமிழாக்கினார். இன்று வேண்டுவது நோயாளியின் சொற்களை ஆராய்ச்சிக்குள் கொண்டுவருவது.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதும் ஒரு வினாவால் விளங்கிற்று. வெறுங்காலுடன் நடப்பதுண்டா என்று தாளில் இருந்தது. “இல்லை” என்றே கேட்டவரெல்லாம் சொன்னார்கள். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “தைப்பூசத்தன்று?” என்றார். தண்ணீர்மலைக்குச் செருப்பில்லாமல், வெயிலில் காய்ந்த தார்ச் சாலையில் நடந்து போவதை அவர்கள் நடையாகவே கருதவில்லை, அது நேர்த்திக்கடன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் அப்படியே. மேல்நாட்டில் ஆக்கிய வினா நிரலில் இதற்கு இடமில்லை. நம்மூரில் பிறந்து, நோயாளியின் காலைக் கழுவிப் புண்ணைக் கட்டிய ஒருத்திக்குத்தான் இக்கேள்வியின் அவசியம் தெரியும். பக்தியைக் கைவிடச் சொல்லாமல் பாதத்தைக் காக்க வழியுண்டா என்று அவளே ஆராய முடியும்.

தடையும் விடையும்

மறுப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. டாக்டர் பட்டம் பெற்ற தாதி நோயாளியின் அருகில் நிற்பாளா? விரிவுரையாளராகிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாளே என்பது அது. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. பட்டம் பெற்றோர் பலர் கற்பிக்கும் பணிக்கே செல்கின்றனர். வார்டில் நின்றுகொண்டே ஆராயும் பதவிகள் பெருகினாலன்றி இக்குறை தீராது. இருந்தாலும், கற்பிக்கச் செல்வதும் இழப்பாகாது. அடுத்த தலைமுறைத் தாதியர்க்கு “சொன்னதைச் செய்” என்பதோடு, “ஏன் என்று கேள்” என்றும் கற்பிப்பவர் வேண்டுமல்லவா?

மற்றத் தடைகளும் உண்டு. இரவுப் பணி முடிந்து வந்து ஆய்வேடு எழுதுவது எளிதன்று. பிள்ளைகள், முதிய பெற்றோர், கட்டணம், விடுமுறை எல்லாம் குறுக்கே நிற்கும். எனவே, பட்டத்தின் பெயருக்காக யாரும் இதில் இறங்க வேண்டா. வார்டில் நிற்கையில் தம்மை உறங்கவிடாத கேள்வி ஒன்று உடையவரே இறங்க வேண்டும். அக்கேள்வி உள்ளவர்க்கு, குடும்பத்தாரும் ஆசிரியரும் அளிக்கும் சிறு உதவியும் பெரிதாகும்.

எங்கள் ஆசிரியர் அந்த இருபது வினாக்களையும் முடிக்க ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. “பத்து நிமிட வேலை என்று வாங்கினேன்” என்று தாமே சொல்லிக்கொண்டார். கடைசி நாளில் அவர் தாளின் கீழே இருபத்தொன்றாவதாகத் தம் கையாலேயே ஒரு வினாவை எழுதியிருந்தார். தைப்பூசத்தைப் பற்றிய வினா அது. மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால் சேர்த்துக்கொள்ளும்படி மாணவியிடம் கூறினாராம்.

தாதிக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று அவர் அதன்பின் கேட்கவில்லை. “எப்போது முடிப்பாள்?” என்று மட்டும் கேட்கிறார். அவருக்கும் நீரிழிவு உண்டு. இரவில் படுக்குமுன் விளக்கைப் போட்டுக்கொண்டு, தம் பாதங்களை இப்போது தவறாமல் பார்க்கிறார்.